முழு மயக்கத்தில் தொண்டைக்குள் டியூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் என்று முடிவானதும் நோயாளிகளும் வீட்டாரும் கேட்பவை, அப்புறம் நர்சிங்கும் அனஸ்தீசியா டெக்னாலஜியும் படிக்கும் பிள்ளைகள் கேட்பவை, இரண்டையும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது என்பதால் சுருக்கவில்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களை நேரில் பார்க்கும் மயக்க மருத்துவர்தான் முடிவு செய்வார்.

தூங்கும்போது நானாகவே மூச்சு விடுகிறேனே, மயக்கத்தில் மட்டும் எதற்கு டியூப்?

தூக்கம் வேறு, முழு மயக்கம் வேறு. தூக்கத்தில் எச்சில் தவறான வழியில் போனால் இருமிவிடுவீர்கள், மூச்சு அடைத்தால் புரண்டு படுப்பீர்கள். புரோபோஃபால் மாதிரி ஒரு மருந்து நரம்பில் ஏறி அரை நிமிடம் ஆனதுமே இந்தக் காவல் எல்லாம் போய்விடும். நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்பக்கம் சரிந்து காற்று போகும் வழியை அடைக்கும். ஃபென்டனில் போன்ற வலி மருந்து மூச்சின் வேகத்தைக் குறைக்கும். வயிற்றில் ஆபரேஷன் என்றால் தசைகளைத் தளர்த்த வெக்குரோனியம், அட்ராகுரியம், ரோகுரோனியம் என்று ஏதாவது ஒன்றையும் கொடுப்போம். அது வேலை செய்யத் தொடங்கினால் உதரவிதானம்கூட அசையாது, மூச்சு சுத்தமாக நின்றுவிடும். அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்காக மூச்சு விடுவது எங்கள் பொறுப்பு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரைப்பையில் இருக்கும் அமிலமும் உணவும் மேலேறி வந்தால், விழித்திருப்பவர் வாந்தி எடுப்பார். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். மூச்சுக்குழாய்க்குள் டியூபைப் போட்டு, அதன் நுனியில் இருக்கும் சின்ன பலூனை ஊதிவிட்டால் காற்று உள்ளே போகும், மற்றது எதுவும் எளிதில் போகாது.

அப்படியென்றால் முழு மயக்கம் கொடுக்கும் எல்லாருக்குமே டியூப் போடுவீர்களா?

இல்லை. பத்து நிமிட வேலை என்றால் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே முடித்துவிடலாம். நாக்கு சரியாமல் இருக்க வாய்க்குள் வளைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைப்போம். அதற்கு கெடெல் ஏர்வே என்று பெயர். ஆர்தர் கெடெல் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் 1930களில் கொண்டுவந்த வடிவம் இன்றும் அப்படியே இருக்கிறது. மூக்கு வழியாக வைக்கும் மென்மையான குழாயும் உண்டு.

மாஸ்க்குக்கும் டியூபுக்கும் நடுவில்தான் எல்.எம்.ஏ. என்று நாங்கள் சொல்லும் குரல்வளை மாஸ்க் வருகிறது. இது குரல் நாண்களைத் தாண்டி உள்ளே போகாது, குரல்வளையின் வாசலைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். ஆர்ச்சி பிரைன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1981இல் பல் வைத்தியத்துக்கான மூக்கு மாஸ்க்கின் ஊதும் விளிம்பையும் ஒரு டியூபையும் ஒட்டி முதல் மாதிரியைச் செய்தார். 1988இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, கொஞ்ச வருடங்களில் அங்கே பாதிக்கு மேல் மயக்கங்கள் இதை வைத்தே நடக்கும் நிலை வந்துவிட்டது. பின்னால் வந்த வகைகளில் வயிற்றுத் திரவம் வெளியேற ஒரு தனி வழியும் இருக்கிறது. நம் ஊர் தியேட்டர்களில் அதிகம் பார்க்கும் ஐ-ஜெல் 2007இல் வந்தது. அதில் ஊதுவதற்கு எதுவும் இல்லை, மென்மையான பொருளே தொண்டையின் வடிவத்துக்குப் பொருந்திக்கொள்ளும். இதை வைக்கக் கையும் கொஞ்சம் ஜெல்லியும் போதும், குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் வேண்டாம், தொண்டை வலியும் குறைவு.

ஆனால் வயிறு நிறைந்திருப்பவர், குடல் அடைப்புள்ளவர், பிரசவ வலியில் இருக்கும் தாய், மிகவும் உடல் பருத்தவர், நெஞ்சு ஆபரேஷன், குப்புறப் படுக்க வைத்து நீண்ட நேரம் செய்யும் முதுகுத்தண்டு ஆபரேஷன், இங்கெல்லாம் என் கை டியூபைத்தான் எடுக்கும்.

டியூப் போடும்போது எனக்குத் தெரியுமா? வலிக்குமா?

வழக்கமான முறையில் தெரியாது. மயக்கம் முழுதாக வந்த பிறகுதான் வாயைத் திறப்போம். எடுக்கும்போது சிலருக்குக் கொஞ்சம் நினைவு இருக்கலாம், "வாயைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்ற குரல் கேட்டதாகச் சொல்வார்கள். அது கடைசிக் கட்டம், ஆபரேஷன் அதற்குள் முடிந்திருக்கும்.

மருந்து கொடுப்பதற்கு முன் மாஸ்க் வைத்து ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்கிறார்களே, அது மயக்க வாயுவா?

பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் ஆக்சிஜன். மயக்கம் கொடுப்பதிலேயே மிக மலிவான, மிக முக்கியமான வேலை இது என்பேன்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் ஒரு பெரியவரின் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, மற்றது பெரும்பாலும் நைட்ரஜன். உடம்போ நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மூச்சு நின்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துபோகும். அதே நுரையீரலில் நைட்ரஜனை வெளியேற்றி ஆக்சிஜனால் நிரப்பிவிட்டால், ஆரோக்கியமான மெலிந்த ஆள் என்றால் எட்டு நிமிடம் வரைக்கும் தாங்குவார். டியூப் போட எங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். அதற்காக மூன்று நிமிடம் சாதாரணமாக, அல்லது ஒரே நிமிடத்தில் எட்டு முறை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்வோம். மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், இடைவெளி இருந்தால் அறைக்காற்று உள்ளே கலந்துவிடும். அடர்ந்த தாடி இருப்பவர்களிடம் எடுக்க முடியுமா என்று கேட்பது இதனால்தான். மாஸ்க் வைத்ததும் மூச்சு முட்டுகிற மாதிரி பயம் வந்தால் சொல்லுங்கள், நீங்களே கையில் பிடித்துக்கொள்ளலாம்.

உடல் பருத்தவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இந்த எட்டு நிமிடம் மூன்று நிமிடமாக, அதற்கும் கீழாகக்கூடக் குறையும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தால் கொஞ்சம் நேரம் கூடும். டியூப் போட முயலும்போதும் மூக்கில் ஒரு சின்னக் குழாய் வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் கூடும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, எல்லா தியேட்டரிலும் செய்யலாம், செய்ய வேண்டும்.

அந்த டியூப் எப்படி இருக்கும்? எவ்வளவு பெரிது?

ஒளி ஊடுருவும் பி.வி.சி. பிளாஸ்டிக்கில், லேசாக வளைந்து, சுண்டுவிரல் பருமனில் இருக்கும். பெண்களுக்கு உள்விட்டம் 7 அல்லது 7.5 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 8 அல்லது 8.5 என்பது பொதுவான வழக்கம். பல் வரிசையில் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் என்ற குறி வரும்வரை உள்ளே போகும். இன்னும் உள்ளே தள்ளினால் வலது நுரையீரலுக்குப் போகும் கிளையில் நுழைந்துவிடும், இடது பக்கம் காற்றில்லாமல் கிடக்கும். அதனால்தான் பிளாஸ்டர் போட்டு ஒட்டியதும் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதி வைப்போம்; படிக்கும் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டும். நுனிக்குப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கும், நுனி சளியால் அடைத்தாலும் காற்று போக அது ஒரு மாற்று வழி. நீளவாக்கில் எக்ஸ்ரேயில் தெரியும் கோடு ஒன்றும் ஓடும்.

நுனியில் இருக்கும் பலூனைத்தான் கஃப் என்கிறோம். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் கசியும், கூடினால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாது. வெளியே தொங்கும் சின்ன பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. விரல் அடிக்கடி ஏமாறும். அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். அதுவும் நைட்ரஸ் ஆக்சைடு ஓடும் நீண்ட ஆபரேஷனில் அந்த வாயு கஃபுக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும், நடுநடுவே அளக்காமல் விடக் கூடாது.

இதே டியூபில் வகைகள் நிறைய. முகத்திலும் வாயிலும் ஆபரேஷன் என்றால் வெளியே வந்ததும் மடங்கி வழிவிடும் டியூப், கழுத்து மடங்கும் ஆபரேஷனுக்கு உள்ளே கம்பிச்சுருள் வைத்து நசுங்காமல் செய்த டியூப், ஒரு நுரையீரலை மட்டும் சுருக்கி வைக்க வேண்டிய நெஞ்சு ஆபரேஷனுக்கு இரட்டைக் குழல் டியூப், லேசர் பட்டாலும் எளிதில் தீப்பிடிக்காத டியூப்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. 1878இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர், நாக்கின் அடியில் கட்டி இருந்த ஒருவருக்கு, கழுத்தைத் துளைக்காமல் வாய் வழியாக விரலாலேயே வழிகாட்டி உலோகக் குழாயை இறக்கி, அதன் வழியே குளோரோஃபார்ம் கொடுக்க வைத்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் நகரில் ஆபரேஷன் நடந்தபோது, முகத்தில் மாஸ்க் வைக்கவே இடம் இல்லாத நிலையில், ஐவன் மேகில், ஸ்டான்லி ரோபோதம் என்ற இருவர் ரப்பர் டியூபை மூச்சுக்குழாயில் போடுவதை அன்றாட வேலையாக மாற்றினார்கள். வளைந்த இடுக்கி ஒன்று இன்றும் மேகில் பெயரில்தான் தியேட்டர் தட்டில் இருக்கிறது. கஃப் வேலை செய்யும் என்று காட்ட 1920களில் கெடெல் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, கஃப் வைத்த டியூபைப் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிக் காட்டினார். நாய் நலமாக எழுந்து வந்தது. அதன் பெயரே 'ஏர்வே'.

லாரிங்கோஸ்கோப் என்றால் என்ன? ஏன் வாய்க்குள் இரும்பு மாதிரி ஒன்று?

குரல் நாண்கள் நாக்கின் அடிப்பகுதிக்குக் கீழே, ஒரு வளைவுக்கு அப்பால் இருக்கின்றன. வாயைத் திறந்தால் மட்டும் தெரியாது. நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, கீழ்த்தாடையை மேலே தூக்கி, வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கருவிதான் அது. கைப்பிடிக்குள் பேட்டரி, முன்னால் ஒரு பிளேடு. பிளேடு என்றாலும் வெட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை.

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ராபர்ட் மெக்கின்டாஷ் 1943இல் வெளியிட்ட வளைந்த பிளேடு. டான்சில் ஆபரேஷனுக்கு வாயைத் திறந்து பிடிக்கும் கருவியைப் போட்டபோது குரல் நாண்கள் தானாகவே கண்ணுக்குத் தெரிந்தன. அதைக் கவனித்து அந்த வடிவத்தைச் செய்தார். கைக்குழந்தைகளுக்கு 1941இல் வந்த மில்லரின் நேர் பிளேடு பலருக்குப் பிடிக்கும்.

தூக்கும் திசைதான் இதில் முழு வித்தையும். கைப்பிடி நீட்டியிருக்கும் திசையிலேயே, முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கி நெம்பினால் மேல்பற்கள்தான் தாங்குகட்டை ஆகும், பல் போகும்.

வீடியோ லாரிங்கோஸ்கோப் நிஜமாகவே நல்லதா, இல்லை விலை உயர்ந்த விளையாட்டுப் பொருளா?

நிஜமாகவே நல்லது. பிளேடின் நுனிக்கருகில் ஒரு கேமரா, படம் திரையில். நம் கண் போக முடியாத வளைவுக்கு அப்பால் கேமரா போய்விடுகிறது. ஜான் பேசி என்ற கனடா நாட்டு அறுவை மருத்துவர் உருவாக்கிய கிளைடுஸ்கோப் 2001 வாக்கில் வந்தது, பின்னால் சி-மேக், மெக்ராத், கிங் விஷன் என்று பல வந்தன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 222 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வீடியோ கருவியால் டியூப் போட முடியாமல் போவது குறைகிறது, முதல் முயற்சியிலேயே போவது கூடுகிறது என்று சொன்னது.

எல்லாரும் ஒரே திரையைப் பார்ப்பது இன்னொரு பெரிய லாபம். கற்றுக்கொடுப்பவர் "கொஞ்சம் பின்னால் இழு, இப்போ தூக்கு" என்று பார்த்தே சொல்லலாம், குரல்வளையை வெளியிலிருந்து அமுக்கும் உதவியாளர் தன் கையின் பலனைத் தானே பார்க்கலாம், டியூப் எங்கே நுழைகிறது என்பதற்கு அறையில் நாலு சாட்சி. சிரமம் என்று தெரிந்த பிறகு எடுப்பதை விட முதலிலேயே இதை எடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. தினமும் எளிதான ஆட்களிடம் பழகாத கருவி, அவசரத்தில் கைகொடுக்காது.

குறையும் உண்டு. ரொம்ப வளைந்த பிளேடில் குரல் நாண் அழகாகத் தெரியும், டியூப் மட்டும் வளைவைத் தாண்டாது. அதற்கேற்ப வளைத்த கம்பியை டியூபுக்குள் வைக்க வேண்டும். அதுவும் திரையையே பார்த்துக்கொண்டு டியூபைத் தள்ளினால் அண்ணத்தைக் கிழித்துவிடும். வாய்க்குள் நுழையும்வரை கண் வாயில்தான் இருக்க வேண்டும். ரத்தமும் சளியும் கேமராவை மறைத்துவிட்டால் பழைய மெக்கின்டாஷ்தான் துணை.

பூஜி என்று ஒரு குச்சி வைத்திருக்கிறார்களே?

ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம், நுனி லேசாக மேல்நோக்கி மடங்கியிருக்கும். குரல்வளை முழுதாகத் தெரியாமல் மேல்மூடி மட்டும் தெரியும்போது இதை அதன் அடியில் குருட்டாம்போக்கில் நுழைத்தால், மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுவது விரலுக்குத் தெரியும். அப்புறம் அதன் மேல் டியூபைக் கோத்து இறக்க வேண்டியதுதான். வீடியோ வாங்க வசதி இல்லாத மருத்துவமனைகூட இதை வைத்திருக்க முடியும். கைக்கு எட்டும் தூரத்தில் பூஜி இல்லாமல் மயக்கம் தொடங்கக் கூடாது.

டியூப் சரியான இடத்தில்தான் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முன்னும் பின்னுமாக ஒட்டி இருக்கின்றன. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் டியூப் பின்னால் உள்ள உணவுக்குழாய்க்குள் போகலாம், அது தப்பே இல்லை. போனது தெரியாமல் இருப்பதுதான் கொல்லும்.

பழைய வழிகள் எல்லாம் ஏமாற்றும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் வயிற்றில் போகும் காற்றின் சத்தமும் நெஞ்சில் கேட்கிற மாதிரி இருக்கும், மெலிந்தவர்களிடமும் குழந்தைகளிடமும் இன்னும் அதிகம். டியூபின் உள்பக்கம் ஆவி படிவது உணவுக்குழாயில் இருந்தாலும் நடக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரோ, முன்கூட்டியே ஆக்சிஜன் நிரப்பி வைத்திருப்பதால், பல நிமிடங்கள் கழித்துத்தான் இறங்கத் தொடங்கும்.

நம்ப வேண்டியது கேப்னோகிராஃப். வெளியே வரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஒவ்வொரு மூச்சுக்கும் அளந்து திரையில் அலையாக வரையும். கார்பன் டை ஆக்சைடு நுரையீரலிலிருந்துதான் தொடர்ந்து வரும். குளிர்பானம் குடித்த வயிற்றிலிருந்து ஒன்றிரண்டு அலை வரலாம், உடனே அடங்கிவிடும். அதனால்தான் 2022இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, குறைந்தது ஏழு மூச்சுக்குத் தேவையான உயரத்தில் அலை வந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறது. அலை இல்லையா, டியூப் உள்ளே இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "மூச்சுக்குழாய் இறுகியிருக்கும்", "மெஷின் கோளாறாக இருக்கும்", "இதயம் நின்றுவிட்டது, அதனால் வராது" என்று காரணம் தேடிக்கொண்டு நிற்பதில்தான் உயிர்கள் போயிருக்கின்றன. இதயம் நின்றவருக்கும் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தால் சின்னதாகவாவது அலை வரும்.

பிரிட்டனில் ஒரு வருடம் முழுக்க நடந்த மூச்சுப்பாதை விபத்துகளைத் திரட்டி 2011இல் நான்காவது தேசியத் தணிக்கை என்று ஓர் அறிக்கை வந்தது. ஆபரேஷன் மயக்கத்தில் ஏறத்தாழ 22,000 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான மூச்சுப்பாதைச் சிக்கல் வந்திருந்தது. ஐ.சி.யூ.வில் நடந்த மரணங்களிலோ, கேப்னோகிராஃப் மாட்டாததும், மாட்டியும் சரியாகப் படிக்காததும் பெரிய காரணமாக இருந்தது. தியேட்டரில் ஒன்று, ஐ.சி.யூ.வில் ஒன்று, ஆம்புலன்ஸில் ஒன்று என்று டியூப் இருக்கும் எல்லா இடத்திலும் இது இருக்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை கருவி வாங்கும் பட்டியலில் இதை முதலில் எழுதுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் வாயைத் திற, நாக்கை நீட்டு, கழுத்தை அண்ணாந்து பார் என்கிறார்களே, எதற்கு?

டியூப் போடுவது எளிதா, கஷ்டமா என்று முன்கூட்டியே கணிக்க. நாக்கை நீட்டியதும் உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பது மல்லம்பட்டி சோதனை. குண்டூர் மாவட்டத்தில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டனில் வேலை செய்த சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985இல் வெளியிட்டது. அவர் மூன்று வகை சொன்னார், நான்காவது வகை பின்னால் சேர்ந்தது. அதோடு வாய் எவ்வளவு திறக்கிறது, தாடையிலிருந்து குரல்வளை மேடுவரை எவ்வளவு தூரம், கழுத்து எவ்வளவு பின்னால் மடங்குகிறது, கீழ்ப்பல்லால் மேல் உதட்டைக் கடிக்க முடிகிறதா என்றெல்லாம் பார்ப்போம். எதுவுமே நூற்றுக்கு நூறு சொல்லாது. எளிது என்று நினைத்த ஆளிடம் திணறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, அதனால் கணிப்பு எப்படி வந்தாலும் மாற்று ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

நம் பக்கம் இதில் தனியாகச் சொல்ல வேண்டியது பாக்கு. வருடக்கணக்கில் பாக்கு, பான் மசாலா, குட்கா மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் மாதிரி இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போய்விடலாம். மயக்க மருந்தோ தசை தளர்த்தும் மருந்தோ கொடுத்தாலும் இது திறக்காது, ஏனென்றால் இறுகியிருப்பது தசை இல்லை. வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கழுத்தில் பெரிய தைராய்டு கட்டி, வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தது, குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, ஆடும் பல், பல் செட், எதையும் மறைக்காதீர்கள்.

வாயே திறக்காதவருக்கு எப்படி டியூப் போடுவீர்கள்?

விழித்திருக்கும்போதே, பெரும்பாலும் மூக்கு வழியாக. கேட்டதும் பயமாக இருக்கும், ஆனால் அவர் தானாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் இதுதான் மிகப் பாதுகாப்பான வழி. லிக்னோகெயின் மருந்தை மூக்கிலும் தொண்டையிலும் தெளித்து மரத்துப்போக வைத்து, பதற்றம் குறைய லேசாக மருந்து கொடுத்து, மெல்லிய வளையும் எண்டோஸ்கோப்பை மூக்கு வழியே இறக்கி, குரல் நாண்களைத் தாண்டியதும் அதன் மேல் கோத்து வைத்த டியூபை உள்ளே தள்ளுவோம். 1967இல் பீட்டர் மர்ஃபி என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த கருவியை எடுத்து முதன்முதலில் இப்படிச் செய்தார். இருமல் வரும், கசப்பு தெரியும், கொஞ்சம் நேரம் ஆகும். ஒவ்வொரு கட்டத்தையும் முன்பே சொல்லிவிட்டால் நோயாளிகள் அருமையாக ஒத்துழைப்பார்கள்.

மயக்கம் கொடுத்த பிறகு டியூப் போகவே இல்லை என்றால்?

இதுதான் எல்லாரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வி. நேராகவே சொல்கிறேன். அந்த நேரத்தில் நோயாளிக்கு வேண்டியது ஆக்சிஜன். டியூப் அதற்கு ஒரு வழி மட்டும்தான், மற்ற வழிகளும் இருக்கின்றன.

பிரிட்டனின் சிக்கல் மூச்சுப்பாதைச் சங்கம் 2015இல் எழுதிய வரிசை பலருக்கும் மனப்பாடம். முதலில் டியூப், அதிகம் போனால் மூன்று முயற்சி, கூடுதல் அனுபவமுள்ள இன்னொருவருக்கு மேலும் ஒன்று. முடியவில்லையா, எல்.எம்.ஏ. அல்லது ஐ-ஜெல். அதுவும் இல்லையா, மாஸ்க்கை வைத்து ஆக்சிஜன் கொடுத்து எழுப்பப் பார்ப்பது. எதிலுமே ஆக்சிஜன் போகவில்லை என்றால் கழுத்தின் முன்புறம், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள சவ்வில் கத்தியால் கீறி, பூஜி நுழைத்து, அதன் மேல் 6 அளவு டியூபை இறக்குவது. இதே போன்ற அகில இந்தியச் சங்கம் 2016இல் நம் சூழலுக்கென்று எழுதிய நெறிமுறை, ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் அடுத்த முயற்சி என்று அழுத்திச் சொல்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் தொண்டை வீங்கி ரத்தம் கசியும், அதனால் முதலாவதில் கிடைத்த வாய்ப்பு நான்காவதில் கிடைக்காது.

2005இல் இங்கிலாந்தில் சைனஸ் ஆபரேஷனுக்கு வந்த, இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. எல்.எம்.ஏ. உட்காரவில்லை, மாஸ்க்கில் காற்று போகவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் டியூப் போடுவதிலேயே குறியாக இருந்தார்கள், நிமிடங்கள் ஓடின. கழுத்தில் துளையிடும் செட் கொண்டுவந்து வைத்திருப்பதாக நர்ஸ் சொன்னதும் யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமான விபத்தை விசாரிக்கிற மாதிரி இதையும் விசாரிக்கச் சொன்னார், யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. குழுவாக வேலை செய்வதையும் பேசுவதையும் மருத்துவத்தில் கற்றுத்தர 2007இல் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

நர்சிங், டெக்னாலஜி பிள்ளைகளுக்கு இதில்தான் வேலை இருக்கிறது. "சார், ஆக்சிஜன் 85", "மேடம், இது மூன்றாவது முயற்சி, ஐ-ஜெல் தரட்டுமா?" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சீனியர் கோபித்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். தொடங்குவதற்கு முன்பே "இது முடியாவிட்டால் அடுத்து என்ன?" என்று மயக்க மருத்துவர் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

காலையில் ஒரு வாய் காபிகூடக் கூடாதா?

பால் கலந்த காபி கூடாது, அது திட உணவுக் கணக்கு. இட்லி மாதிரி எளிய உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய், கறி என்றால் 8, தாய்ப்பாலுக்கு 4. தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பதுதான் பொது விதி, இரவு முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் வாட வேண்டியதில்லை; உங்கள் டாக்டர் சொல்லும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ வாரம் ஒருமுறை செமாக்ளுடைட் ஊசி போடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவசர ஆபரேஷன் என்றால் வயிறு நிறைந்திருந்தாலும் செய்வோம், அதற்கு வேகமாக வேலை செய்யும் மருந்தும் வேறு முறையும் இருக்கின்றன. உண்மை தெரிந்தால்தான் அந்த முறையை எடுக்க முடியும்.

என் குழந்தைக்கு எப்படி?

குழந்தையின் உடம்பு எடைக்கு எடை பெரியவரை விட ஏறத்தாழ இருமடங்கு ஆக்சிஜன் செலவழிக்கும், கையிருப்பும் குறைவு. நாக்கு பெரிது, தலையின் பின்புறம் பெரிது. டியூப் அளவுக்கு வயதை நான்கால் வகுத்து, கஃப் உள்ளது என்றால் 3.5, இல்லாதது என்றால் 4 கூட்டுவது வழக்கமான கணக்கு. நாலு வயதுக் குழந்தைக்குக் கஃப் உள்ள டியூப் 4.5 வரும், அரை அளவு கூடவும் குறையவும் பக்கத்தில் எடுத்து வைப்போம். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் முன்பே சொல்லுங்கள். மூச்சுப்பாதை எரிச்சலாக இருக்கும்போது குரல் நாண்கள் சட்டென்று இறுகி மூடிக்கொள்ளும் ஆபத்து கூடுதல், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப் போடுவது நல்லது.

பிறகு தொண்டை வலிக்குமா? பல் போகுமா?

தொண்டை வலியும் குரல் கரகரப்பும் பலருக்கு வரும், இரண்டு மூன்று நாளில் போகும். வாரக்கணக்கில் குரல் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பல் சேதம் ஏறத்தாழ 4,500 பேரில் ஒருவருக்கு என்கிறது பிரிட்டனின் மயக்க மருத்துவர் கல்லூரி.

டியூபை எப்போது எடுப்பீர்கள்?

நீங்களாக மூச்சு விட்டு, கண் திறந்து, சொன்னதைக் கேட்கும்போது. தசை தளர்த்தும் மருந்தின் மிச்சம் இருக்கக் கூடாது. நியோஸ்டிக்மின் அல்லது சுகம்மாடெக்ஸ் கொடுத்து அதை முறிப்போம், நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி இருந்தால் அளந்தே உறுதி செய்யலாம். போடுவதற்குக் காட்டும் கவனத்தில் பாதிகூட எடுக்கும்போது பலர் காட்டுவதில்லை என்பது என் வருத்தம். மேலே சொன்ன பிரிட்டிஷ் தணிக்கையில் மயக்கத்தில் நடந்த சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு, எழுப்பும்போதும் எழுந்த பிறகும்தான் நடந்தது.

போன முறை "உங்களுக்கு டியூப் போடக் கஷ்டமாக இருந்தது" என்றார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் "டியூப் போடச் சிரமம்" என்று ஒரு வரி இருந்தால் போதாது. மாஸ்க் வழியாகக் காற்று போனதா, லாரிங்கோஸ்கோப்பில் என்ன தெரிந்தது, எந்தக் கருவியில் கடைசியாகப் போனது, எந்த அளவு டியூப், இந்த நாலும் வேண்டும். அதைப் படம் எடுத்து உங்கள் ஃபோனிலும் வீட்டில் இன்னொருவர் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பல் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள். அந்த மருத்துவமனையில் கேட்டு அப்போதைய மயக்கப் பதிவேட்டின் நகலையும் வாங்கலாம். விபத்தில் மயங்கிக் கிடக்கும்போது உங்களால் சொல்ல முடியாது, ஆகவே ரத்த வகை எழுதி வைத்திருக்கும் அட்டையிலேயே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.